இரண்டாவது கால்

டிராக்டர் இழுப்புப் போட்டியில் ஆட்களுக்கு இடம் பிரிக்கும் சீட்டுகளை என் தொப்பியில் போட்டுத்தான் குலுக்கினார்கள். என் முன்னாள் மச்சான் டெல்மர் கையை விட்டுத் துழாவி எடுத்ததில் கடைசி இடம் வந்தது. சீட்டைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். தடத்தின் ஓரமாகப் பத்தடிக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். டிராக்டர் ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு வரும். ஸ்லெட் என்றால் சக்கரமில்லாத ஓர் இரும்புப் பலகை, அவ்வளவுதான். தன்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் அதில் ஏறி நின்றுவிட வேண்டும். ஆள் ஏற ஏறப் பாரம் கூடும். எந்த இடத்தில் இனி நகர மாட்டேன் என்று டிராக்டர் நின்றுவிடுகிறதோ, அந்த இடம்வரை அளப்பார்கள். அதிக தூரம் இழுத்தவருக்கு முதலிடம். எல்லா டிராக்டருக்கும் அதே ஆட்கள், அதே இடம்.

எங்கள் கவுண்டி சந்தையில், அதாவது மாவட்ட விவசாயத் திருவிழாவில், இப்படி மனிதர்கள் ஏறி நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்த வருடம் சந்தைக்கு நூறாவது ஆண்டு என்பதால், மதியம் ஒரே ஒரு பிரிவை மட்டும் பழைய முறையில் நடத்தலாம் என்று கமிட்டியில் யாருக்கோ ஆசை வந்துவிட்டது. காப்பீட்டுக்காரர் எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒஹாயோவின் வெயிலில், கோதுமை அறுத்துக் களைத்த பெரிய மனிதர்கள் வரிசையாகப் பேரப்பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தலையில் இளஞ்சிவப்பு. "அந்தக் காலத்துல முப்பது பேரு வேணும். இப்ப நம்ம ஆளுங்க இருக்கற சைஸுக்குப் பதினெட்டே ஜாஸ்தி" என்றாள் கமிட்டித் தலைவி மார்னா. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பன்றிக்கறி சாண்ட்விச் கையில் இருக்கும்போது எங்கள் ஊரில் யாருக்கும் கோபம் வராது.

மதியப் பிரிவுக்குக் கொடி பிடிப்பது நான். மாலையில் எனக்கு வேறு வேலை. மாலையில் வருபவற்றை டிராக்டர் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அவற்றைக் கொண்டு ஒரு சால்கூட உழ முடியாது. ஒன்றில் நான்கு எஞ்சின் இருக்கும். குடிப்பது ஆல்கஹால். அவை இழுக்கிற ஸ்லெட்டில் ஆட்கள் ஏறுவதில்லை. ஒரு பெரிய பெட்டி பின்னாலிருந்து தானாக முன்னால் நகர்ந்து வந்து பாரத்தை ஏற்றும். அதன் கூண்டில் உட்கார்ந்து பெட்டியை ஓட்டுபவன் நான். ஏதாவது கோளாறு என்றால் என் கையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எவ்வளவு பெரிய ராட்சசனும் மூச்சை நிறுத்திவிடுவான். காதில் பஞ்சு, அதன்மேல் மூடி. பக்கத்தில் நிற்பவன் செத்தாலும் தெரியாது. கூட்டம் வருவதெல்லாம் அதற்குத்தான், குறை சொல்ல நான் யார்? பெட்டிக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. அது ஒரு பெரிய நிம்மதி.

மனிதர்கள் ஏறிய காலத்தில் அந்த நிம்மதி இருந்ததில்லை. மச்சான் ஓட்டினால் தாமதமாக ஏறுவான் ஒருவன். வேலித் தகராறு உள்ளவன் ஓட்டினால் குதித்து ஏறுவான். எல்லாவற்றையும்விட மோசமானது ஒற்றைக்கால். ஒரு காலைப் பலகையில் வைத்து, மற்றதால் தரையில் நொண்டியடித்துக்கொண்டே கூட ஓடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏறிவிட்டதுபோல இருக்கும். பாரத்தில் பாதிகூட இருக்காது.

என் அக்கா லியோரா முதல்முதலாக ஜெயித்தது அப்படித்தான். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அப்பாவின் பச்சை ஆலிவர் டிராக்டரை வயலிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்து, ஆம்பிளைகள் அத்தனை பேரையும் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினாள். இரண்டு வருடம் அந்தக் கோப்பை சாப்பாட்டு மேஜைமேல்தான் இருந்தது. பிறகு அவளுக்கும் டெல்மருக்கும் கல்யாணம். விருந்தில் மாப்பிள்ளைத் தோழன் எழுந்து, "இவன் அன்னைக்கே காதல்ல விழுந்துட்டான், அதான் ஒத்தக்கால்ல நொண்டிக்கிட்டே ஓடினான்!" என்று போட்டு உடைத்தான். கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மறுநாள் கோப்பை கொட்டகைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அதில்தான் திருகாணி போட்டு வைத்திருக்கிறாள்.

டெல்மருக்கு அது கடைசிவரை புரியவில்லை. நல்ல மனுஷன். ஆனால் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே கொண்டுவந்து கொட்டுகிற ஜாதி. பெட்டி ஸ்லெட் வந்ததும் இரண்டு எஞ்சின் வைத்து டிராக்டர் ஒன்று கட்டினார். பக்கத்து கவுண்டிக்காரன் மூன்று வைத்தான். இவரும் மூன்றாவதை வைத்தார். சமையலறைக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. எல்லாம் அவளுக்காகத்தானாம். டிராக்டர் பக்கவாட்டில் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தார். ஒரு வசந்தத்தில் அக்கா, "என் பேரை அழிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். பிரிந்தபோது மூன்று எஞ்சின் அவருக்கு, ஆலிவர் அவளுக்கு.

இந்த வருடம் பனி உருகிய கையோடு அந்த மூன்று எஞ்சினை டென்மார்க்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டார். விற்றதும் என்னைத் தேடி வந்தார்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரலாமான்னு உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

ஞாயிறு மதியச் சாப்பாடு என்றால் எங்களுக்குள் அது வெறும் கோழி வறுவல் இல்லை, மறுபடி குடும்பத்தில் ஒருவர் ஆவது. அவருக்கும் தெரியும். நான் போய்க் கேட்டேன். அக்கா ஆலிவருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"சந்தையில ஆளு ஏறப்போறாங்களாமே. அந்த மனுஷனையும் வரிசையில வந்து நிக்கச் சொல்லு. எப்படி ஏறுறாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"அக்கா, மறுபடியும் ஒத்தக்கால் வெச்சாருன்னா?"

"வெச்சா, வேற எங்கயாவது போய்ச் சாப்பிடட்டும். இத அவருகிட்ட நீ ஊதினேன்னு வெச்சுக்கோ, உனக்கும் சேத்து சாப்பாடு கிடையாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கடைசி இடத்துச் சீட்டோடு டெல்மர் என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார். "கவலைப்படாத மாப்ள. இன்னைக்கு உங்க அக்காவ ஜெயிக்க வெச்சிட்டுத்தான் மறுவேலை." கண்ணடிக்க வேறு செய்தார்.

"மச்சான், சும்மா ஒழுங்கா ஏறுங்க. ஊரே பாக்குது" என்றேன். அக்காவின் கட்டளையை மீறாமல் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"முட்டி ஆபரேஷன் ஆனாலும் காலு இன்னும் நம்ம பேச்சு கேக்கும்டா" என்று தொடையைத் தட்டிக் காட்டிவிட்டு, மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

ஐந்து டிராக்டர்கள் டெல்மர்வரை வராமலே நின்றுவிட்டன. ஆறாவது பிராடி ரூப்பினுடையது. முப்பது வயதுப் பையன், தாத்தாவின் டிராக்டர். அவன் வந்தபோது டெல்மர் இரண்டு காலையும் தொம்மென்று வைத்து ஏறினார். நான் பார்த்தேன். அதற்கப்புறம் நாலடி இழுத்து நின்றான் பிராடி. கூட்டம் கைதட்டியது. முதலிடம் அவனுக்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

கடைசியாக அக்கா. சங்கிலியை மாட்டினார்கள். அவள் இரண்டாவது கியரைப் போட்டு, சங்கிலி விறைக்கும்வரை மெதுவாக ஊர்ந்து, என்னைப் பார்த்தாள். பச்சைக் கொடியை அசைத்தேன். ஆலிவர் உறுமவில்லை, செருமியது. முதல் ஆள், இரண்டாம் ஆள், இளஞ்சிவப்பு ஹெல்மெட். ஓட்டுபவர் பின்னால் பார்க்கக் கூடாது என்று சட்டமில்லை, ஆனால் நல்ல ஓட்டுநர் பார்ப்பதில்லை. முன்சக்கரத்தையும் கொடிக்காரனையும் மட்டுமே பார்ப்பார்கள். பாரம் ஏறுவது இருக்கை வழியாகத் தெரிந்துவிடும். நான் தடத்தின் ஓரமாகக் கூடவே நடந்தேன். பாதியைத் தாண்டியதும் சக்கரம் மண்ணைக் கடித்தது. புகைக்குழாயிலிருந்து கறுப்பு வந்தது. டெல்மரின் இடம் நெருங்கியது. இந்த வயதில் இவர்கள் இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

டெல்மர் இடதுகாலை வைத்தார். வலதுகால் தரையில்.

நொண்டியடித்துக்கொண்டே கூட வந்தார், மனுஷன். ஒரு எட்டு. இரண்டு எட்டு. மஞ்சள் ஹெல்மெட் குதித்துக் குதித்துக் கண்ணை மறைத்தது. ஸ்லெட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் அவர் காலைத்தான் பார்த்தார்கள். இருக்கைகளில் வயதானவர்கள் சிலர் எழுந்துவிட்டார்கள். ஒருத்தர் சத்தமாகச் சிரித்தார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிரிப்பு அது. அக்காவின் முதுகு மட்டும் அசையவில்லை. பிராடியின் குறியை எட்ட இன்னும் இரண்டடி இருந்தது.

அப்போது டெல்மர் இரண்டாவது காலையும் தூக்கி வைத்தார். ஏறி நின்று பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றியது, குழி பறித்தது, நின்றது. சிவப்புக் கொடியைத் தூக்கினேன். அளந்தார்கள். பிராடியைவிட ஒரு சாண் குறைவு.

கூட்டம் பிராடியிடம் ஓடியது. ஆட்கள் பலகையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். டெல்மர் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முகம் சிவந்து நின்றார். நான் அக்காவிடம் போனேன். அவள் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது காலை எப்ப வெச்சாரு?"

"கொஞ்சம் லேட்டுதான் அக்கா. ஆனா வெச்சிட்டாரு."

"முட்டி வலிச்சு வெச்சாரா, வேணும்னே வெச்சாரா?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? ஒரு கணம் பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். "அத நீ அந்த மனுஷனத்தான் கேக்கணும்" என்றேன்.

ஸ்லெட்டைத் திரும்ப இழுத்துப் போகும் டிராக்டர் வந்து பக்கத்தில் நின்றது. சங்கிலியைக் கழற்ற ஓட்டுநர் குனிந்தபோது அக்கா கையைக் காட்டித் தடுத்தாள். "இருக்கட்டும் விடு. நானே கொண்டுபோறேன்" என்றாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கியரைப் போட்டாள். சங்கிலி மெல்ல விறைத்தது.

ஆலிவர் வளைந்து திரும்பித் தடத்தின் ஓரமாகத் தொடக்கக் கோட்டைப் பார்த்துப் போனது. காலிப் பலகையின் நடுவில், எந்தப் பிடிமானமும் இல்லாமல், இரண்டு காலையும் அகட்டி வைத்து, மஞ்சள் ஹெல்மெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி டெல்மர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டு போனார்.