விபூதிப் புதன்

சந்திரகலா ஞானஸ்நானம் வாங்கி அகஸ்டினாவாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்காக வாங்கியதுதானே, மனசு தன்னால் திரும்பிவிடும் என்று அவள் அப்பா கன்னியப்பன் தவளக்குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை.

அன்று விபூதிப் புதன். காலைப் பூசையில் சாமியார் அவள் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு அனுப்பினார். உப்பளம் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் முந்தானையால் வியர்வையை ஒற்றியதில் சிலுவை கலைந்து வெறும் பூச்சாகிவிட்டது. தெருமுனையில் விற்க வந்த மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டியோடு அப்பா நின்றிருந்தார். அவள் நெற்றியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“விபூதி வச்சிருக்கியா, கண்ணு! நீ திரும்பிடுவேன்னு எனக்குத் தெரியும்.”

இரண்டு வருஷத்தில் அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது. தலையை ஆட்டினால் போதும், இப்போதே வீட்டுக்கு வந்துவிடுவார். அகஸ்டினா தலையை ஆட்டவில்லை.

“இது மாதா கோயில் விபூதிப்பா. கல்யாணத்துக்காக மட்டும் நான் சேரல. எனக்கே புடிச்சிருக்கு. அங்கதான் இருப்பேன்.”

கன்னியப்பன் முகம் சுருங்கியது. போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். சின்ன வயதில் விபூதி பூசிவிட்டுச் செய்வது போலவே, அவள் கண்களுக்கு மேலே உள்ளங்கையை அணைத்துப் பிடித்து, நெற்றியில் மெல்ல ஊதினார்.

“பூசி வுடத் தெரிஞ்ச சாமியாருக்கு ஊதி வுடத் தெரியலியா? கண்ணுல வுழுந்துடாது?”