நாலாவது வரியில் ஒரு குறி

1.
இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஹட்டனிலிருந்து வட்டகொடைக்குப் போகும் மலைநாட்டு ரயிலில், பக்கத்து இருக்கை ஜீவராணி சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைய ரொம்ப நல்லவளாக்கிறாதீங்க" என்றாள்.

மூடுபனி இறங்கிய ஒரு காலையில்...

(வேண்டாம். இங்கே எந்தக் காலையில் இறங்கவில்லை?)

2.
ஆறு வருடங்களுக்கு முன்பு ஹட்டனில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று படங்கள் அனுப்பும். நாலாயிரம் வருடத்துக் களிமண் பலகைகள். ஈரமண்ணில் நாணல் முனையால் அழுத்திய, ஆப்பு வடிவ எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் உரிய குறியெண்ணைக் கொடுத்தால்தான் கணினி அதை எழுத்தாக ஏற்கும். எண் இல்லாவிட்டால் வெறும் படம்.

அவள் வேலையைச் சரிபார்த்தவர் பொகவந்தலாவை ஊர்க்காரர் பத்திநாதன். ஒரு பிளேன்டீயை இரண்டு கோப்பையில் பிரித்துக் குடித்துக்கொண்டு, ஒரே ஒரு ஆப்புக்காக மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். (இந்த இடத்தில் 'காதல்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.)

3.
ஒருநாள் பட்டியலில் இல்லாத குறி ஒன்று வந்தது. மூன்று ஆப்பு, அடியில் சாய்வாக ஒன்று.

"இது புது எழுத்துங்க."

"கீறல் ஜீவா. மண்ணு காயுறப்ப வெடிச்சிருக்கு."

சாய்ந்ததைக் கணக்கில் எடுக்காமல், பட்டியலில் இருந்த மூன்று ஆப்பு எழுத்தின் எண்ணையே போட்டு அவர் அனுப்பிவிட்டார். அவள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. அவள் வட்டகொடை வீட்டிலிருந்தே அதே வேலையைப் பார்க்கிறாள். பிழை விட்டால் மின்னஞ்சல் வருகிறது. சண்டை பிடிக்க ஆளில்லை.

4.
போன வருடம் வேறொரு பலகையில் அதே குறி, பளிச்சென்று. புது எண் கேட்க இரண்டு சான்றுகள் வேண்டும். பழைய பலகை ஆயிரக்கணக்கானவற்றில் எது?

(அவள் தயங்கியதாக ஒரு பக்கம் எழுதினேன். உண்மையில் உடனே கட்டாரில் இருந்த பத்திநாதனைப் போனில் அழைத்திருக்கிறாள்.)

"எழுதி வச்சிருக்கேன்" என்று அவர் பலகையின் இலக்கத்தைச் சொன்னார். "நாலாவது வரி."

"கீறல்னு சொன்னீங்களே?"

"அடுத்த வாரமே சந்தேகம் வந்துருச்சு. சொல்லத்தான் வந்தேன். நீங்க ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

ஜீவராணிக்கு அந்த நாள் ஞாபகமிருந்தது. பின்னால் காலடி வந்து நின்றதும், தான் வேண்டுமென்றே திரும்பாமல் பஸ் ஸ்டாண்டையே பார்த்திருந்ததும்.

5.
விண்ணப்பம் இருவர் பெயரிலும் போய், ஏற்கப்பட்டும் விட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல அவள் அழைத்தபோது அவர் கேட்டார்:

"டிசம்பர்ல லீவுல வாரேன். வட்டகொடைப் பக்கம் வரலாமா?"

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். எதிலும் அது அவள் குரலில் வரவில்லை. கிழித்துவிட்டேன். அவர் இன்னும் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறார். அவள் குரலில் அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.