அண்ணி வீட்டுச் சிரிப்பு

பொறாமை என்று சொன்னால் மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிடும். "எனக்கென்னங்க பொறாமை? நியாயத்தைத்தானே சொல்றேன்" என்பான். ஊரில் பாதிப் பேர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன நோய் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற ஆள், தன் வயிற்றுக்குள் எரிவது என்ன என்று மட்டும் தெரியாமல் திரிந்தான். அது பொறாமைதான். கலப்படமில்லாத அசல் பொறாமை. அதுவும் யார் மேல்? கூடப்பிறந்த அண்ணனின் மனைவி மேல்.

விஷயம் இவ்வளவுதான். மெக்கானிக்கின் மனைவி வேறொரு நாட்டில், பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலையில் இருந்தாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது; முடிந்ததும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். ஆனால் மெக்கானிக் குடியிருந்த தெருக்கோடியில் போன் சிக்னல் கிடையாது. கேபிள் நெட்டோ பக்கத்து வீட்டோடு, அதாவது அண்ணன் வீட்டோடு நின்றுவிட்டது. "கம்பத்துப் பெட்டியில இனி இடமில்ல சார்" என்று கேபிள்காரன் கையை விரித்துவிட்டான். அதனால் சாயங்காலம் ஆனால் மெக்கானிக்கும் அவன் மகள் வாலுவும் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்காரவேண்டியிருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் வாலுதான்.

அங்கே என்ன நடக்கும்? அண்ணி நடுவில் உட்காருவாள். வாலு அவள் மடியில் சாய்ந்துகொள்வாள். அண்ணன் மகன் பக்கத்தில் ஒட்டிக்கொள்வான். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பார். மெக்கானிக் எல்லாருக்கும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், நாலு தலைகளுக்கு இடையில் மனைவியின் நெற்றியையும் ஒரு காதையும் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் அண்ணி பெரிய மனசு பண்ணி, "இந்தாங்க தம்பி, நீங்க பேசுங்க" என்று போனை நீட்டுவாள். இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது புருஷன் பெண்டாட்டியிடம் என்ன பேசுவான்? "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "ம்." முடிந்தது.

மனைவி அண்ணியிடம் பேசும்போது வாய்விட்டுச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவனிடம் அப்படிச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போது அடுத்தவர் வீட்டுக் கூடத்தில், அடுத்தவர் போனில், அடுத்தவருக்காக வந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் ஒப்பந்தம் முடியும் நேரம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று ஹோட்டல்காரர்கள் கேட்டிருந்தார்கள். 'வந்துடு' என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். அதை அண்ணன் கூடத்தில், அண்ணியின் தலைக்குப் பின்னாலிருந்து சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் யாரையும் கேட்காமல், கடையில் நின்ற இடத்திலேயே, புதிதாக வந்திருந்த சேட்டிலைட் நெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

மொட்டை மாடியில் வெள்ளைத் தட்டு ஏறியது. மாட்ட வந்த பையன் பின்பக்கச் சுவரைக் காட்டினான். "இங்க வெச்சா வானம் நல்லாத் திறந்திருக்குண்ணே." பின்பக்கம் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் வைத்தால் அண்ணன் வீட்டிலிருந்து தெரியாதே! "முன்னாடி வைப்பா" என்றான். அண்ணன் வீட்டு மரத்தின் கிளை ஒன்று அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பையன் சுட்டிக்காட்டினான். "அதெல்லாம் பார்த்துக்கலாம்." மோடத்தையும் அதே யோசனையில்தான் கூடத்து ஜன்னலோரம் வைக்கச் சொன்னான். ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு சந்து தள்ளி, அண்ணி வீட்டுக் கூடம்.

"ஆகாசத்திலிருந்தே இழுத்துட்டீங்களே தம்பி!" என்று அண்ணி ஜன்னல் வழியாகச் சிரித்தாள். அவன் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டான். அவள் 'நல்லா இருங்க' என்று சொல்லியிருந்தாலும் நக்கல் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பான்.

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். முகம் வந்தது. சிரிக்கப் போனாள். வாய் பாதி திறந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஹலோ. கேக்குதா? நான் தெரியுறேனா?"

"…ங்க… ன்னா…"

"கட்டாகுது. இரு, ஆஃப் பண்ணிப் போடறேன்."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். திரையில் வட்டம் சுற்றும், மனைவி கட்டம் கட்டமாக உடைவாள், இவன் மோடத்தை அணைத்துப் போடுவான். கடையிலிருந்து கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில், "உங்க ஏரியாவுல சாயங்காலம் நிறையப் பேர் யூஸ் பண்றாங்க சார், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். "தெருவுல நான் ஒருத்தன்தாம்மா வாங்கியிருக்கேன்!" என்று கத்தினான். "உங்க அழைப்புக்கு நன்றி சார்" என்றாள். வாலு ரெண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "அப்பா, நான் பெரியம்மா வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசிட்டு வந்துடறேனே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மகளும் கட்சி மாறியபிறகு மனுஷன் என்ன செய்வான்?

கிளைதான் காரணம் என்று முடிவுகட்டினான். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் உண்மைக்காகவா அரிவாளை எடுத்தான்? அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, மாடிச் சுவரில் ஏறி நின்று வெட்டினான். கிளை முறிந்து, கேபிள் வயர் மேல் விழுந்து, அதை ஒரு ஊஞ்சல் ஆட்டிவிட்டு, அண்ணன் வாசலில் போய்க் கிடந்தது. வயர் அறுந்துவிடவில்லை. ஆடி நின்றது. அவனும் அதை அதோடு மறந்தான். திரும்பி வந்த அண்ணன் கிளையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நானே வெட்டியிருப்பேனேடா" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை ஒன்றும் உருப்படவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட மோசம். முன்பாவது பாதிப் பேச்சு கேட்டது, இப்போது முகமே வரவில்லை. ஆனால் எதிர் ஜன்னலில்? அண்ணி வீட்டுப் போனில் மனைவியின் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. "ஐயோ அக்கா, அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று அவள் ஆரம்பிப்பதும், அண்ணி கெக்கெக்கே என்று சிரிப்பதும், நடுவில் வாலு கிறீச்சிடுவதும் சந்து தாண்டி வந்து அவன் காதில் விழுந்தன. அவன் இருட்டிக்கொண்டு வரும் கூடத்தில், சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நேரத்தில் அண்ணி வீட்டு நெட் நாசமாய்ப் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது வாலு போகிறபோக்கில் சொன்னாள். "அம்மா அங்கயே இருக்கணும்னா நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம்ப்பா. பெரியம்மாகிட்ட பேசிட்டு இருந்தாங்க."

"என்ன பேசுனாங்க?"

"எனக்கென்ன தெரியும்? என்னைத் தண்ணி கொண்டாரச் சொல்லிட்டாங்க."

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான். தன் பெண்டாட்டி ஊருக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அண்ணியா? பக்கத்து வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து நடக்கிறது, கட்டிய புருஷன் இங்கே மோடத்துக்கு விசிறிக்கொண்டிருக்கிறான். இரவெல்லாம் புரண்டான்.

மறுநாள் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தான். வாலு அங்கே போய்விட்டிருந்தாள். சாயங்காலம் ஆனதும் எதிர் ஜன்னலில் சிரிப்பு தொடங்கியது. இவன் போனில் வட்டம். எரிச்சல் தாங்காமல் மோடத்தின் வயரைப் பிடுங்கினான்.

எதிர் ஜன்னலில் சிரிப்பு நின்றது.

"போச்சு! கட்டாயிடுச்சு!" என்று வாலு கத்தினாள்.

அவனுக்கு உடனே ஒன்றும் ஓடவில்லை. உள்ளூர ஒரு திருப்தி, அவ்வளவுதான். நம் வேண்டுதல் பலித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு வயரைச் சொருகினான். விளக்கு எரிந்து நிலைத்தது. சற்று நேரத்தில் எதிர் ஜன்னலிலிருந்து, "வந்துடுச்சு! அம்மா, தெரியுறேனா?" என்று கேட்டது.

அவன் கை வயரிலேயே இருந்தது. தொழில்காரன் இல்லையா, சோதித்துப் பார்க்காமல் விடுவானா? மறுபடி பிடுங்கினான்.

"போச்சு!"

சொருகினான். காத்திருந்தான்.

"வந்துடுச்சு!"

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அண்ணி வீட்டில் மனைவி சிரித்தது இவன் தட்டில் இறங்கிய நெட்டில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்பார்களே, அது இதுதான்.

எதிர் ஜன்னலில் அண்ணியின் தலை தெரிந்தது. "தம்பி, உங்க நெட்டு போய்ப் போய் வருதே, கொஞ்சம் பாருங்களேன்."

"எங்க நெட்டா? உங்க கேபிள் என்னாச்சு?"

அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது... அன்னைக்குக் கிளை விழுந்ததுல உள்ளுக்குள்ள எங்கியோ விட்டுப்போச்சாம். வந்து பார்க்கிறேங்கிறான், வரமாட்டேங்கிறான். உங்க அண்ணன்தான், தம்பிகிட்ட சொல்லாதே, சங்கடப்படுவான்னாரு. வாலு வந்து, 'பெரியம்மா, அப்பாதான் பாஸ்வேர்டு குடுக்கச் சொன்னாரு'ன்னா. உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு பேசிக்கிட்டோம்."

பின்னால் வாலு சட்டென்று தலையைக் குனிந்து மறைந்ததை அவன் பார்த்தான். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

"உங்களுக்கு வரலியா தம்பி?" அண்ணி குரல் மாறியது. "அட, நாங்க இத்தனை பேரு இழுத்தா எப்படி வரும்! சொல்லக்கூடாதா? ஏய், எல்லாரும் போனை அணைங்க. டிவியையும் அணைங்க. சித்தியைச் சித்தப்பாவுக்குக் கூப்பிடச் சொல்லு."

அண்ணி வீட்டில் ஒவ்வொன்றாக அணைவது தெரிந்தது. டிவிச் சத்தம் நின்றது. அண்ணி ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

போன் அடித்தது. மனைவியின் முகம் வந்தது. உடையவில்லை, நிற்கவில்லை. நெற்றியில் ஒட்டியிருந்த முடிகூடத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இத்தனை கறுத்திருந்ததா?

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"நான் தெரியுறேனா?"

"நல்லாத் தெரியுறீங்க."

அப்புறம் என்ன? இத்தனை மாசமாக மனசில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று வட்டத்தின் மேல் பழி போடவும் வழியில்லை.

"கையெழுத்துப் போடணும்னு வாலு சொன்னாளே" என்றான். குரல் அவனை மீறிக் கடுத்தது. "அண்ணிகிட்ட கேட்டுட்டியாமே."

"உங்ககிட்டதான் முதல்ல கேட்டேன்."

"எப்ப கேட்டே?"

"தட்டு வெச்ச அன்னைக்கே. வந்துடட்டுமான்னு கேட்டேன். மோடத்தை ஆஃப் பண்ணிப் போடறேன்னீங்க. மறுநாளும் கேட்டேன். கிளை மறைக்குதுன்னீங்க. அப்புறம் ஸ்பீடு இவ்ளோதான் வருதுன்னு படம் புடிச்சு அனுப்புனீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "அக்காகிட்ட பேசினா நெட்டு எப்படி இருக்குன்னு கேக்கமாட்டாங்க. கால் எப்படி இருக்குன்னு கேப்பாங்க."

"காலா?"

"வீங்கிக்குதுங்க. நாளெல்லாம் நிக்கிற வேலைதானே. டாக்டர் நிக்கவே கூடாதுங்கிறார். அதான் வந்துடலாமான்னு..."

"அண்ணிக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளாவே."

குத்தியது. இவ்வளவு நடந்த பிறகும், முகத்துக்கு நேரே அவள் அப்படிக் களைத்து உட்கார்ந்திருக்கும்போதும், 'எனக்கு முன்னாடி அவங்களுக்கா?' என்பதுதான் முதலில் நெஞ்சில் ஏறி நின்றது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதைத்தான் கேட்டிருப்பான். கேட்டிருந்தால் அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அது அவனுக்கே தெரிந்தது.

போனை இன்னும் கிட்டே பிடித்தான்.

"எந்தக் கால்?" என்றான்.