வாள் நாரையான கதை

அச்செடுத்த முதல் தாளைத் தூக்கிப் பிடித்ததுமே அப்பொலோனியாவின் கணவன் யோர்க் சிரித்துவிட்டான்.

"என்னடி அப்பொலோனியா, உன் நீதிதேவதைக்கு இடக்கைப் பழக்கமா?"

அப்பொலோனியா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். செப்புத் தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறி விழும். அவுக்ஸ்பர்க் நகரத்தில் உளி பிடிக்கிற எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம். அங்கியின் மடிப்பைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவள், வாளையும் தராசையும் கைமாற்ற மறந்துவிட்டாள். அதுவும் தன் பெயர் பொறித்த முதல் தகட்டில்!

தாளுக்குச் சொல்லியிருந்த சட்ட மாணவன் கஸ்பார், நாளை மறுநாள் டில்லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காகச் சபை முன் வாதம் செய்கிறான். போரில் அநாதையான அவனை எடுத்து வளர்த்த துணி வியாபாரி ஏஹிங்கருக்குச் சமர்ப்பணமாக, இந்தத் தாளைச் சபை முழுக்கக் கொடுப்பார்கள்.

"பையனோட சேர்த்து அந்தப் பெரியவரையும் பார்த்துச் சிரிப்பாங்களே!"

"புதுத் தகடு போட்டுடேன்."

"ரெண்டு நாள்லயா? நீங்களே போடுங்க, பார்ப்போம்!"

தகட்டையே வெறித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, தேவதைக்கு முகமா அடையாளம்? கையில இருக்கிறதுதானே! வாளைப் பிடுங்கிட்டா இவ நீதியே இல்ல."

வாளைச் சுரண்டினாள். தகட்டின் முதுகில் தட்டிப் பள்ளத்தை மேடாக்கி, தேய்த்து மெருகேற்றினாள். வாள் இருந்த இடத்தில் செங்கால் நாரை கழுத்தை நீட்டியது. தராசு அவரைக் கொடியானது. கண்கட்டு போய்க் கண் திறந்தது.

மறுநாள் வந்த கஸ்பார் திகைத்தான். "நீதிதேவதை எங்கம்மா?"

"தப்பு என்னுதுப்பா. வாள் இடக்கைல விழுந்துடுச்சு. இவ நன்றிதேவதை. நாரை வயசான தாய் தகப்பனுக்கு இரை கொண்டுபோற பறவையாச்சே, அதான் கையில. அவரையும் தன்னை வளர்த்த மண்ணுக்கே உரமாகுமே. வேண்டாம்னா சொல்லிடு."

அவன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அவருக்கு நன்றி சொல்லி லத்தீன்ல பக்கம் பக்கமா எழுதியிருக்கேம்மா. அவருக்கு லத்தீன் தெரியாது. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. இது போதும்."

டில்லிங்கன் சபையில் ஏஹிங்கர் தாளை வாங்கினார். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தார். தாள் கட்டோடு கடைசி வரிசையில் நின்ற அப்பொலோனியா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, நாரை ஊட்டிவிடுற அளவுக்கா நான் கிழவனாயிட்டேன்?" என்றார் பெரியவர். கேட்கும்போதே குரல் உடைந்தது.

இத்தனை வருஷமும் 'ஐயா' என்றே அழைத்து வந்த கஸ்பார், "இல்ல, அப்பா" என்றான்.