சுரங்கத் தண்ணீருக்குப் போன வியாழக்கிழமை

மச்சான் இசக்கிமுத்து செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி பொன்னம்மாள் அக்காவும், பிள்ளைகள் கருப்பசாமியும் பாப்பாவும். கோவில்பட்டியில் ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் பிடித்து நெய்வேலிக்கு வந்திருந்தார்கள். என் மகள் செண்பகவல்லியைத் தங்களோடு கூட்டிப்போய் வளர்ப்பதற்காக வந்திருந்தார்கள்.

பங்குனியிலேயே மச்சான் அதைக் கேட்டிருந்தார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் தப்பில்லை.

என் மனைவி சுப்புலட்சுமி கார்த்திகையில் இறந்தாள். மஞ்சள்காமாலை. மச்சானுக்கு அவள் ஒரே தங்கை. செண்பகத்துக்கு எட்டு வயது. நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு இங்கே சுரங்கத்தில் பம்பு கண்ட்ரோலில் இருக்கிறேன். ஷிப்டு வேலை. காலை, மதியம், இரவு என்று வாரத்துக்கு வாரம் மாறும்.

“நைட் ஷிப்டுக்கு நீங்க போயிட்டா எட்டு வயசுப் பொம்பளப்பிள்ள தனியா என்ன செய்யும் மாப்ள?” என்று வந்த அன்றே கேட்டார் மச்சான். “எங்க வீட்ல ரெண்டோட மூணா இருந்துட்டுப் போகுது.”

நான் தலையை ஆட்டினேன். கேட்டது நியாயமான கேள்வி.

சாயங்காலம் அவரே ஒரு யோசனை சொன்னார். “வந்தது வந்தாச்சு. பிள்ளைகளுக்கும் முழுப்பரீட்சை லீவு, எங்கயாவது ஒரு நாள் கூட்டிட்டுப் போவோம். நாளைக்கே கெளம்புவோமா?”

“நாளைக்கு இல்ல மாமா, வியாழக்கிழமை,” என்றாள் செண்பகம். “அன்னைக்குதான் அப்பாவுக்கு ஆஃப்.”

“ஞாயித்துக்கெழமதானட்டி எல்லாருக்கும் லீவு?”

“அது ஸ்கூலுக்கு. எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை மாறிக்கிட்டே இருக்கும். இந்த வாரம் வியாழக்கிழமையில வருது.”

மச்சான் சிரித்தார். “சரி, எங்க போலாம்? நீயே சொல்லு.”

அவள் யோசிக்கவே இல்லை. “வடலூர்னா வயிறு நிறைய சாப்பாடு கிடைக்கும், ஆனா சத்தம் போடக் கூடாது. இவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. சிதம்பரத்துல கோயில் பெருசு. மத்தியானம் நடை சாத்திருவாங்க, காலையிலயே போயிடணும். கடலூர்ல சில்வர் பீச் இருக்கு. மணல் சுடும், நாலு மணிக்கு மேலதான் இறங்க முடியும்.”

“கடல் வேண்டாம். திருச்செந்தூர்ல பாக்காத கடலா?”

“அப்ப பிச்சாவரம். படகுல போலாம். மரத்துக்கு வேரெல்லாம் தண்ணிக்கு மேல இருக்கும். ஏழு மணிக்குச் சிதம்பரம் பஸ். வலது பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது.”

“இவ என்ன பிள்ளையா, பஸ் கண்டக்டரா?” என்றார் மச்சான் மனைவியிடம்.

எல்லாம் சுப்புலட்சுமி கூட்டிப்போன இடங்கள். என் ஆஃப் எந்தக் கிழமையில் வந்தாலும் எங்காவது கிளம்பிவிடுவாள். கார்த்திகைக்குப் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை.

புதன்கிழமை இரவு ஷிப்டுக்குப் போனேன். காலை ஆறு மணிக்கு முடியும். ஆறரைக்கு வீட்டில் இருந்தால் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஆறு மணிக்குச் சிங்காரவேலு வரவில்லை. என்னை மாற்றிவிட வேண்டியவர் அவர். அவர் வராமல் நான் எழுந்திருக்க முடியாது. இது பாங்க் இல்லை, கதவைப் பூட்டிவிட்டு வருவதற்கு. ஏழு அடித்தது. எட்டு அடித்தது. அவர் மனைவிக்குப் பிரசவ வலி என்று அப்புறம் ஒருவர் வந்து சொன்னார். வேறு ஆள் வந்து உட்கார்ந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது.

சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். மச்சான் தேய்த்த சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா அழுது முடித்துவிட்டு விக்கிக்கொண்டிருந்தாள். கருப்பசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கூடத்தின் நடுவில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன.

“பாத்தீகளா மாப்ள,” என்றார் மச்சான். குரலை உயர்த்தவில்லை. “இதத்தான் சொல்லுதேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிள்ளைகளுக்குன்னு சொல்லிட்டு வர முடியல. நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல்னா என்ன செய்வீக?”

செருப்பைக் கழற்றினேன்.

செண்பகம் உள்ளேயிருந்து துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை.

“ரிலீவர் வரலையாப்பா?”

“வரலம்மா.”

“யாரு, சிங்காரவேலு மாமாவா?”

“ஆமா. அவங்க வீட்டுல குழந்தை பிறக்கப்போகுது.”

“சரி. அப்ப பிச்சாவரம் இல்ல,” என்றாள். சொல்லிவிட்டு அத்தை பக்கம் திரும்பினாள். “தண்ணிக்குப் போலாம் அத்தை. புளிச்சோறு அப்படியே இருக்கட்டும், கெடாது. தயிர்ச்சோத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்க, இல்லாட்டி புளிச்சிரும். எல்லாருக்கும் ஒரு மாத்துத் துணி வேணும். அப்பா ஒரு மணி நேரம் தூங்கட்டும். தூங்காம வந்தா வழியில பேசவே மாட்டாங்க.”

“தூங்கி எந்திரிச்சா மட்டும் பேசிருவாராக்கும்!” என்றார் மச்சான்.

பொன்னம்மாள் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கருப்பசாமி மெல்லத் திரும்பிப் பார்த்தான். “என்ன தண்ணி?”

“வந்து பாரு.”

சுப்புலட்சுமி எப்போதும் கைவசம் இரண்டாவது இடம் ஒன்று வைத்திருப்பாள். தூரத்துக்குப் போக முடியாவிட்டால் பக்கத்தில். கட்டிய சோற்றை அவிழ்த்து வீட்டில் சாப்பிட்ட நாள் கிடையாது. அதைச் செண்பகம் கவனித்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கூடத்தில் அவள் ஒவ்வொருவருக்கும் வேலை கொடுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மாணிக்கம்மாளையும் அவளே போய் அழைத்திருந்தாள். மாணிக்கம்மாள் குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர். கணவர் பழனிவேல் காண்ட்ராக்டில் மண் சுமந்து, போன வருஷம்தான் பெர்மனன்ட் ஆனார். மாணிக்கம்மாள் ஒரு தினத்தாளில் பலாச்சுளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

டவுன் பஸ்ஸில் மந்தாரக்குப்பம் போய் இறங்கி, முந்திரி மரங்களுக்கு நடுவே நடந்தோம். சரியான சித்திரை வெயில். மரங்களைத் தாண்டியதும் மச்சான் நின்றுவிட்டார். எதிரே வயல், இளம்பச்சையாக நாற்று.

“என்னது, சித்திரையில நாத்தா?”

“மைன்ஸ் தண்ணிங்க,” என்றார் மாணிக்கம்மாள். “பன்னண்டு மாசமும் வந்துகினே இருக்கும். எங்க சனமெல்லாம் முன்ன மழைய நம்பிதாங்க நெல்லு வெச்சிது. இப்ப இத நம்பி வெக்கிது.”

வரப்பைத் தாண்டினால் வாய்க்கால். சுரங்கத்து வேலிக்கு வெளியே, ஆள் உட்கார்ந்தபடி நுழையக்கூடிய அளவுக்குப் பெரிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தண்ணீர் தடித்து வந்து தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடும். கரையோரம் இடுப்பளவுகூட இருக்காது. அன்று எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன.

கருப்பசாமி கரையில் நின்று பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு செண்பகத்திடம் தணிந்த குரலில் கேட்டான். “அள்ளலாமா? யாரும் ஏச மாட்டாகளா?”

“எதுக்கு ஏசுறாங்க?”

“எங்க தெருவுல ஒரு குடத்துக்கு மேல புடிச்சா ஏசுவாக.”

“இங்க எவ்ளோ வேணா அள்ளிக்கலாம். குதிக்கவும் குதிக்கலாம்.”

அவன் குதித்தான். அப்புறம் அவனைக் கரைக்குக் கொண்டுவர முடியவில்லை. பாப்பா தன் பங்குக்குக் கூஜா நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கித் திருகி, அம்மாவின் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பொன்னம்மாள் அக்கா காலை நனைத்துக்கொண்டு, “எம்புட்டுத் தண்ணி, எம்புட்டுத் தண்ணி,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “கொஞ்சம் சூடால்லா இருக்கு தம்பி?”

“ஆழத்துலேருந்து வருதுக்கா,” என்றேன்.

மச்சான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றமாட்டார். கொஞ்ச நேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுத் துண்டோடு குழாயடிக்குப் போனார். தண்ணீர் அவரை இரண்டு அடி தள்ளியது. “யாத்தாடி!” என்று கத்தினார். பிள்ளைகள் கைதட்டின. அவர் விடவில்லை. மறுபடி போய் நின்றார்.

“யாரு செண்பகம், இம்புட்டுத் தண்ணிய விடுதது?”

“எங்கப்பா.”

“ஒங்கப்பா மட்டுமா?”

“இல்ல, நிறைய பேரு. எங்கப்பாவும்.”

“எதுக்கு விடுதாக? வயலுக்கா?”

அவள் தண்ணீரை விட்டு மேலே வந்து, ஈர மணலில் கையை வைத்துக் காட்டினாள். “இது நிலக்கரி மாமா. இதுக்குக் கீழ தண்ணி இருக்கு. சும்மா இல்ல, மேல முட்டிக்கிட்டே இருக்கு. ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருந்தாதான் மேல ஆளுங்க வெட்ட முடியும். பம்பெல்லாம் நின்னுச்சுன்னா கீழ இருக்கிறது சுரங்கத்தையே தூக்கிரும். அப்பா அங்க உக்காந்து எந்தப் பம்பு ஓடுது, எது நிக்குதுன்னு பாக்கணும். அதனாலதான் அடுத்த ஆள் வராம எந்திரிச்சு வர முடியாது. வந்தா உள்ள இருக்கிறவங்களுக்கு ஆபத்து.”

இதை நான்தான் எப்போதோ சொல்லியிருக்கவேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பேன் என்று தோன்றவில்லை. புதிதாக வரும் பயிற்சிப் பையன்களுக்கு இதை விளங்கவைக்க எனக்குக் கரும்பலகையும் சாக்பீஸும் தேவைப்படும். அவள் ஒரு கைப்பிடி மணலில் முடித்துவிட்டாள். குளித்துக்கொண்டிருந்த வேறு வீட்டுப் பெண் ஒருவரும் நின்று கேட்டார். என் மார்பு விரிந்தது. எத்தனையோ மாதமாக எனக்கு அப்படி ஒன்றும் ஏற்பட்டதில்லை.

மச்சான் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நான் ஏதோ சுவிச்சப் போட்டு அணைக்கிற உத்தியோகம்னுல்லா நெனச்சேன்.”

கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குளித்த பசி. புளிச்சோறு தீர்ந்தது, தயிர்ச்சோறு தீர்ந்தது. பலாச்சுளைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டன.

பொன்னம்மாள் அக்கா செண்பகத்தின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “நாளைக்கு ராத்திரி வண்டி. வீட்டுக்குப் போனதும் ஒன் பாவாடை சட்டையெல்லாம் எடுத்து வச்சிருவோம், என்ன?”

செண்பகத்தின் தலை அசையாமல் நின்றது. துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

“நான் போகணுமாப்பா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“நல்லா இருக்கும்ட்டி,” என்றார் மச்சான் அவசரமாக. “வெளையாட இவுக ரெண்டு பேரும் இருக்காக.”

“தண்ணிக்கு மட்டும் வரிசையில நிக்கணும்,” என்றான் கருப்பசாமி. “ஒனக்கும் சேத்து நானே நிப்பேன்.”

செண்பகம் அவனைப் பார்த்தாள். “அதுக்கு நீங்க எல்லாரும் இங்க வந்துரலாம்ல?”

கருப்பசாமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். “வந்துருவமாப்பா?”

மாணிக்கம்மாள் சிரித்துவிட்டார். மச்சானுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “அதெல்லாஞ் சரி. நைட் ஷிப்டுக்கு யாரு பதில் சொல்லுவா?”

“நைட் சிப்டுன்னா எங்க வூட்லதாங்க படுத்துக்கும்,” என்றார் மாணிக்கம்மாள். “மூணு மாசமா அப்பிடித்தான். அதுவா பாயச் சுருட்டிகினு வந்துடும். எம்பொண்ணுங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துகினே தூங்கிப்பூடும். அதனால எங்களுக்கு இன்னாங்க கஷ்டம்?”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “இதச் சொல்லக் கூடாதா மாப்ள? வாயத் தொறந்தாத்தான என்ன?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செண்பகம் பார்க்கவில்லை. மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“செண்பகம் எங்கூடத்தான் இருப்பா மச்சான்,” என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

“ஒங்களுக்குப் பாரமா இருக்கும்னுதான்...”

“இல்ல. பாரமில்ல. அவ இருந்தாதான் வீடு நடக்குது. இன்னைக்குப் பாத்தீங்கள்ல.”

“பாத்தேன்.” அவர் துண்டைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். “இதப் பங்குனியிலயே சொல்லிருக்கலாம்லா?”

“அப்ப தெரியல.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. “எந்தங்கச்சி மாதிரியே எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு அலையுதா,” என்று மட்டும் சொன்னார். அதை வருத்தமாகச் சொல்லவில்லை.

செண்பகம் மணலை விட்டு எழுந்தாள். என்னிடம் வரவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்கு ஓடினாள். கருப்பசாமி பின்னாலேயே ஓடினான். சாப்பிட்டவுடன் இறங்கக் கூடாது என்று நாங்கள் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

பொன்னம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாணிக்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “அவளுக்குச் சளி புடிக்கும். கண்ட நேரத்துல தலைக்கு ஊத்த விடாதீக. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எண்ணெய் தேச்சு விடணும், மறந்துராதீக.”

“சரிங்க,” என்றார் மாணிக்கம்மாள்.

“எனக்கே தேய்ச்சுக்கத் தெரியும் அத்தை!” என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

“முதுகு எட்டாதுக்கா,” என்றேன். “அத நான் தேய்ச்சு விடுறேன்.”