வளைவில் நிற்கும் வண்டி

"பெல்ட்டை மட்டும் மாத்திக் குடு அண்ணா. அந்த வளைவுல நிக்குதுல்ல, அதைச் சரி பண்ணிடாதே," என்றாள் தங்கை.

மெக்கானிக் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். வண்டி நிற்கிறது, எப்படியாவது ஓட வையுங்கள் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் இத்தனை வருடத்தில் பார்த்திருக்கிறான். நிற்கிற வண்டி நின்றபடியே இருக்கட்டும் என்று சொன்ன முதல் ஆள் இவள். அதுவும் கூடப் பிறந்தவள்.

"ஏன் பாப்பா?"

"அங்கதான் அவர் நிறுத்துறாரு."

அவர் என்றால் அவள் புருஷன். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த வண்டி ஒரு பெட்ரோல் கோல்ஃப் கார்ட். புல்வெளியில் பந்தும் மட்டையுமாகச் சொகுசாகச் சுற்ற வேண்டியது, இவர்கள் கையில் மாட்டி மூட்டை சுமந்துகொண்டிருந்தது. மேட்டின் அடியில் தங்கையும் மாப்பிள்ளையும் லாண்டரி வைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு விருந்தினர் விடுதி. துவைத்த விரிப்பும் துண்டும் தினமும் மேலே போக வேண்டும், அழுக்கு மூட்டை கீழே வர வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பாதை அரித்துக் கல் துருத்திக்கொண்டு வண்டியின் அடிவயிறு இடிக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை வந்து நின்றான். மெக்கானிக் வண்டியை ஆறு அங்குலம் தூக்கி, பெரிய டயர்களாகப் போட்டுக் கொடுத்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற வண்டியை மாப்பிள்ளை மூன்று சுற்று சுற்றி வந்து பார்த்தான். "மச்சான், இதுல ஏறவே ஏணி வேணும் போல இருக்கே!" என்று சிரித்த சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது.

டயரைப் பெரிதாக்கினால் கிளட்சையும் கவனிக்க வேண்டும். தொழிலில் இருக்கிறவன் யாருக்கும் இது தெரியும். இன்ஜின் பக்கம் ஒரு கிளட்ச், பின் அச்சில் ஒரு கிளட்ச், இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். மேடு ஏறும்போது பெல்ட்டை இழுவைக்குத் தோதான இடத்தில் பிடித்து வைப்பது பின் கிளட்சில் இருக்கும் ஸ்பிரிங்தான். பெரிய டயருக்கு அது இன்னும் முறுக்கான ஸ்பிரிங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஏற்றத்தில் பெல்ட் வழுக்கும், இன்ஜின் திணறும், வண்டி நின்றுவிடும்.

ஸ்பிரிங் அன்றைக்குக் கையிருப்பில் இல்லை. "அப்புறம் பாத்துக்கலாம் மாப்ள," என்றான் மெக்கானிக். அந்த "அப்புறம்" இருக்கிறதே, அதைவிடப் பெரிய பாவி உலகத்தில் கிடையாது. இரண்டாம் வாரம் பெல்ட் கீச்சிடுகிறது என்று மாப்பிள்ளை மறுபடி வந்தான். மெக்கானிக் வேறொரு வேலையில் முழங்கை வரை மூழ்கியிருந்தான். எழுந்து வந்து பின் கிளட்சில் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு, "போ, சத்தம் போயிடும்," என்று அனுப்பிவிட்டான். உலர்ந்தே இருக்க வேண்டிய இடம் அது. எண்ணெய் பட்டால் தூசியைப் பிடித்து இறுகிக்கொள்ளும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அதைச் செய்ய மாட்டான்.

சத்தம் போனது. நாலே நாளில் மாப்பிள்ளையும் போனான். மூட்டைகளோடு வளைவில் ஏறும்போது இன்ஜின் அடங்கி, மழையில் நனைந்த பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் உருண்டு, குதிக்கப் பார்த்தவனைக் கற்சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. லோடு அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். மெக்கானிக்கும் தலையாட்டினான். கடையில் சொல்லி வைத்திருந்த ஸ்பிரிங் வந்து சேர்ந்தபோது அவன் போய் ஒன்பது நாள் கடந்திருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் கீச்சொலி கேட்கிறது. குளிக்கும்போது கேட்கும், சோற்றில் கை வைக்கும்போது கேட்கும். மனைவியிடம் சொன்னால் காது டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

"தினமும் அதே இடத்துல நிக்குது அண்ணா," என்றாள் தங்கை. அவள் முகத்தில் பயம் இல்லை, அதுதான் அவனை உலுக்கியது. "மரக்கட்டையை எடுத்து டயருக்குக் கீழ வச்சிட்டு உக்காந்திருவேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்பேன். அன்னிக்கு இன்னும் ரெண்டு மூட்டை ஏத்துங்கன்னு சொன்னது நான்தானே. கொஞ்ச நேரம் கழிச்சுப் பெடலை மிதிச்சா, முக்கி முனகி ஏறிடும். மன்னிச்சிட்டாருன்னு வச்சிக்குவேன்."

மெக்கானிக் சக்கரத்தைப் பார்த்தான். சூடு ஆறினால் பெல்ட் கொஞ்சம் பிடிக்கும், அதனால்தான் ஏறுகிறது. என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கட்டை வழுக்கும். இவளும் அந்தச் சுவரில்தான் போய்ச் சேருவாள். சரி செய்தால் உயிரோடு இருப்பாள், ஆனால் எதைச் சரி செய்தாய் என்று கேட்பாள்.

"சாயங்காலம் வா," என்று மட்டும் சொன்னான்.

அவள் போனதும் மேசைப் பக்கம் திரும்பினான். பின்னால் இன்ஜின் உயிர் பெற்றது.

இந்த ரக வண்டி பெடலை மிதித்தால்தான் கிளம்பும், காலை எடுத்தால் அடங்கிவிடும். சாவியை அவள் எடுக்காமல் போயிருந்தாள். ஆனால் சீட்டில் ஆள் இல்லை. பெடல் மிதிபடாமல் மேலேதான் இருந்தது. இன்ஜின் பக்கத்துக் கிளட்ச் மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பெடலுக்கு அடியில் உள்ள சுவிட்சில் ஈரம், வேறொன்றுமில்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். சாவியைத் திருப்பக் கை போகவில்லை. தானாக வந்த சத்தம் தானாகவே அடங்கியது. பட்டப்பகலில், நாலு பக்கமும் வெயில் அடிக்கிற ஷெட்டில், மாப்பிள்ளையின் குரல் காதோரம் கேட்டது. "மச்சான், அப்புறம்னு சொன்னியே?"

"இதோ மாப்ள," என்றான் மெக்கானிக். சொன்ன பிறகுதான் பதில் சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது.

பின் கிளட்சைக் கழற்றினான். அவன் பீய்ச்சிய எண்ணெய் உள்ளே கறுத்த பசையாகக் கிடந்தது. லாண்டரித் துண்டுகளின் வெள்ளைப் பஞ்சு அதில் அப்பியிருந்தது. ஒரு வருடமாகத் தங்கையோடு தினமும் மேட்டில் ஏறியது இதுதான். சுரண்டச் சுரண்ட வந்தது. மாப்பிள்ளை அடக்கத்தில்கூட அழாதவன், ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பசையைத் துடைத்துக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுதான். பிறகு சுத்தமாக உலர்த்தி, இழுப்பறையில் ஒரு வருடமாகக் கிடந்த ஸ்பிரிங்கை எடுத்து முறுக்கி மாட்டினான். பிரேக்கை இறுக்கினான். புது பெல்ட் போட்டான். சுவிட்சையும் துடைத்து வைத்தான்.

சாயங்காலம் லாண்டரி வாசலில் முழு லோடும் ஏற்றினார்கள். அவன் ஓட்ட, தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டை அவள் மடியில் இருந்தது. வளைவு வந்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். பெரிய மனிதர் வீட்டு வாசலில் இறங்கப் போகிறவள் போல.

வண்டி நிற்கவில்லை. திணறக்கூட இல்லை. அந்தச் சுவரைத் தாண்டிச் சீராக ஏறிப் போனது.

"அண்ணா, நிறுத்து!"

அவன் நிறுத்தவில்லை. அங்கே நிறுத்தத் துணிச்சல் இல்லை. உச்சியில், விடுதியின் பின்வாசலில்தான் காலை எடுத்தான். இன்ஜின் அடங்கியதும் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

"என்ன பண்ணின?" என்றாள்.

"ஸ்பிரிங் மாத்தினேன். கிளட்சைத் துடைச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் லாண்டரிக்காரி. கறைக்குக் காரணம் தேடியே பழகியவள். மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு இருந்ததைவிட இன்னிக்கு லோடு ஜாஸ்தி," என்றாள் மெதுவாக. "இதை அன்னிக்கே செஞ்சிருந்தா?"

பழைய பெல்ட்டின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஏறியிருக்கும் பாப்பா. தப்பு மூட்டையில இல்ல. ஸ்பிரிங் மாத்தாம விட்டது நான். எண்ணெய் அடிச்சுக் கெடுத்ததும் நான்தான். அன்னிலேருந்து தெரியும்."

அவள் கத்துவாள், அறைவாள் என்று காத்திருந்தான்.

"அப்போ இத்தனை நாளா நான் யார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்?"

அவள் இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தாள். உதவிக்கு வந்தவனைக் கையைக் காட்டித் தடுத்து வண்டியிலேயே உட்கார வைத்தாள். கடைசி மூட்டையையும் வைத்துவிட்டு வந்து, கட்டையை அவன் மடியில் போட்டாள்.

"நாளையிலேருந்து லோடு நீதான் எடுத்துட்டுப் போகணும். தினமும்."

"சரி."

"வண்டி இனிமே தானா நிக்காது. அந்த வளைவுல நீ நிறுத்து," என்றாள் தங்கை. "நீ பேசு."

திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் நடந்தே போனாள்.