பார்வை நேரத்து ஆக்சிஜன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குத் தொண்ணூறு டாக்டர் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்வார்கள். வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறை ஒட்டி இருந்தால் போதும், அதற்கு மேல் பேராசைப்படாதே என்று புதிதாக வரும் டாக்டர்களின் உயிரை எடுப்பார். ஆக்சிஜனை அள்ளிக் கொட்டினால் திரையில் எண் ஜம்மென்று ஏறும், வாஸ்தவம்தான். நாள் கணக்கில் கொட்டினால் அந்த ஆக்சிஜனே நுரையீரலைக் கெடுக்கும். அதனால் அதை அளவாக வைத்து, மூச்சு விட்ட பிறகும் உள்ளே கொஞ்சம் காற்றழுத்தத்தைத் தக்கவைத்து, நுரையீரல் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமையான வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இந்தக் காரியத்தைச் செய்தார்.

மூன்றாவது கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் கிடந்தார். நிமோனியா இரண்டு பக்க நுரையீரலையும் அடைத்திருந்தது. எண் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று ஓடியது. டாக்டர் கணக்கில் அது பரவாயில்லை ரகம். ஆனால் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் ஆள் அவ்வளவுதான் என்று டிரைவரின் மனைவியிடம் எந்தப் புண்ணியவானோ சொல்லி வைத்திருந்தான். முதல் நாள் பார்க்க வந்த அந்த அம்மா, திரையைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்தபடியே தரையில் சரிந்துவிட்டார். டாக்டர் என்னவெல்லாமோ எடுத்துச் சொன்னார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

"அண்ணி பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல சார். அண்ணனுக்கு முன்னாடி இவங்க போயிடுவாங்க போலிருக்கு," என்று மறுநாள் காலை டிரைவரின் தம்பி வந்து புலம்பினார்.

அன்று பார்வை நேரம் தொடங்குவதற்குச் சற்று முன், டாக்டர் மூன்றாவது கட்டிலுக்குப் போய் வென்டிலேட்டரில் ஆக்சிஜனை முழுசாக ஏற்றி வைத்தார். எண் தொண்ணூற்றாறுக்குப் போனது. அந்த அம்மா உள்ளே வந்து திரையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். டிப்போவில் யார் யார் விசாரித்தார்கள், மாடிக் குழாய் எப்படி ஒழுகுகிறது, உங்கள் தம்பி செய்த ரிப்பேரில் ஒழுகல் எப்படி இரண்டு மடங்கானது, எல்லாம் வந்தது. அவர் போனதும் டாக்டர் ஆக்சிஜனைப் பழைய அளவுக்கு இறக்கினார்.

"என்ன டாக்டர், பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இருக்கு?" என்றார் மூத்த நர்ஸ்.

"கொஞ்ச நேரத்துல ஒண்ணும் கெட்டுடாது சிஸ்டர். அந்தம்மா ஒரு வாய் சாப்பிடட்டும்."

அவர் சாப்பிட்டார், தூங்கினார், தலைவாரி வந்தார். டாக்டருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு சந்தோஷம்கூட. தினமும் பார்வை நேரத்துக்கு முன் ஏற்றினார், முடிந்ததும் இறக்கினார். செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்ற குறுகுறுப்பு மெல்ல மெல்ல மரத்துப்போனது.

ஒருநாள் அந்த அம்மா வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். டாக்டர் அப்போதுதான் கட்டிலை விட்டு நகர்ந்திருந்தார். எண் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா தம்பி? நான் வந்தா ஏறுது. நான் கிளம்பினா இறங்குது. வீட்டுல இருக்கறப்ப என் பேச்சு எதையாவது காதுல வாங்கியிருக்காரா இந்த மனுஷன்? இப்ப வாங்கறாரு," என்றார் வெளியே வந்த டாக்டரிடம்.

அவர் முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம் இருந்தது. டாக்டர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினார். பாவி மனுஷன், அங்கேயே சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அந்த அம்மா வெளியே போக மறுத்தார். வராந்தா பெஞ்சிலாவது இருந்துகொள்கிறேன், இறங்கினால் கூப்பிடுங்கள், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். கால்கள் வீங்கியிருந்தன. டாக்டர்தான் டிரைவரின் தம்பியைக் கூப்பிட்டு, கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

அன்று சாயங்காலமே டிரைவரின் நிலைமை மோசமாகிவிட்டது. அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஆக்சிஜனை முழுசாக ஏற்றினார். இந்தத் தடவை யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. எண் ஏறவில்லை. பதறியடித்துக்கொண்டு அந்த அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அழவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போக மாட்டேன்னு சொன்னேனே தம்பி. நான் பக்கத்துல இருந்திருந்தா ஏறியிருக்கும். நானே விட்டுட்டுப் போய்க் கொன்னுட்டேன்."

"இல்லம்மா. நீங்க இருந்திருந்தாலும் ஏறியிருக்காது," என்றார் டாக்டர்.

"தினமும் என் கண்ணால பாத்தேனே."

சும்மா இருந்தால் இந்தப் பெண் ஆயுசு முழுக்க இதைச் சுமப்பார். சொன்னால் தன் மானம் போகும், வேலையும் போகலாம். போகட்டும் என்று டாக்டர் அவர் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அது உங்களால ஏறலம்மா. நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் மெஷின்ல ஆக்சிஜனைக் கூட்டி வெப்பேன். நீங்க போனதும் குறைச்சிடுவேன். நீங்க பயந்துடக் கூடாதுன்னு செஞ்சேன். தப்பு என்னோடது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பக்கத்தில் இருந்த டிரைவரின் தம்பி சட்டென்று எழுந்து நின்றார். அடிக்கட்டும் என்றுதான் டாக்டரும் காத்திருந்தார். அந்த அம்மா கொழுந்தனைக் கையமர்த்தி உட்கார வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அப்ப நான் வந்தது அவருக்குத் தெரியவே தெரியாதா?"

மயக்க மருந்தில் கிடந்தவருக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? தெரிந்திருக்கும் என்ற வார்த்தை டாக்டரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்னொரு பொய்க்கு அவருக்குத் தெம்பு இல்லை.

"தெரியலம்மா," என்றார்.

"என்னாலதான் போனாருன்னு நினைச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்," என்றார் அந்த அம்மா. "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் தம்பி."